கேட்டால் பதில் சொல்லத்தான் செய்வார்கள்

குழந்தைகள் நாடகம் முடிந்ததும் பள்ளிக்கூடங்களில் வழக்கமாக ஒரு பாராட்டு கிடைக்கும். "நாடகம் நல்லாத்தான் இருந்துச்சு சார். பசங்கதான் ரொம்பக் கத்திட்டாங்க." தலைமையாசிரியர் இதை உண்மையான வருத்தத்தோடுதான் சொல்வார். நடிகர்கள் சிரித்துக்கொண்டே வேர்வையைத் துடைத்துக்கொள்வார்கள். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், அடுத்த வருஷமும் கூப்பிட வேண்டுமே என்ற கவலை அவர்களுக்கு. எனக்கு அந்தக் கவலை இல்லாததால் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் கத்தவில்லை. மேடையிலிருந்து ஒருவர் கேள்வி கேட்டார், அவர்கள் பதில் சொன்னார்கள்.

அந்தப் பாராட்டுக்குப் பின்னால் ஒரு முழுக் கொள்கையே இருக்கிறது. மூன்றிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாட்டும் ஆட்டமுமாக நடத்தி, நடுநடுவே அவர்களையே கேள்வி கேட்டு, பாடவைத்து, சில நேரம் எழுப்பி முன்னால் அழைத்துக் கதையை நகர்த்துகிற நாடகம் பற்றி நம்மிடையே ஊறிப்போன கருத்து அது. பள்ளி நிர்வாகிகள் அதை ஒழுங்கின் பேரால் சொல்வார்கள், பெற்றோர் படிப்பின் பேரால் சொல்வார்கள். நவீன நாடகக்காரர்கள் சொல்லும்போது சொற்கள் கொஞ்சம் கனமாக இருக்கும். சாரம் ஒன்றுதான்: இது நாடகமே இல்லை, வெறும் வேடிக்கை. பிள்ளைகளை உசுப்பிவிட்டுக் கைதட்டு வாங்குகிற சுலபமான வேலை. அமைதியாக உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் சிறுவயதிலேயே வர வேண்டும், அதுதான் ரசனை. இந்தக் கூச்சல் அதைக் கெடுக்கிறது. போதாததற்கு, இதெல்லாம் மேற்கத்தியச் சரக்கு.

இதில் ஒவ்வொன்றும் தவறு. ஒன்றிரண்டு ரொம்பவே தவறு.

அந்தக் கூச்சலுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஒரு தொடக்கப் பள்ளியின் பிரேயர் ஹாலில் நான் பார்த்த நாடகம். ஜமுக்காளத்தில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், நூறு பேர் இருக்கலாம். கதை சாதாரணமானது. பசியோடு அலைகிற ஒரு பூதம், அதற்குப் பயந்து ஓடிவருகிற ஒரு முயல். முயலாக நடித்த பெண் வந்ததும் ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுத்து எல்லோரோடும் சிநேகமாகிவிட்டார். பூதத்தின் காலடிச் சத்தம் டோலக்கில் கேட்டதும், "சொல்லிடாதீங்க" என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு ஒரு பெரிய கூடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். பூதம் வந்தது. "முயல் எங்கே?" என்று கேட்டது.

நூறு கைகள் நீண்டன. எல்லாம் வாசல் பக்கம். "அங்க போச்சு! அங்க போச்சு!" யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கூடிப் பேசவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் ஹால் முழுக்கச் சேர்ந்து ஒரு பொய்யைக் கட்டி எழுப்பிவிட்டது. பூதம் வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பியது. அப்போது நடுவரிசையில் ஒரு பையன் எழுந்தான். "கூடைக்குள்ள இருக்கு" என்றான். சுற்றியிருந்தவர்கள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு சிறுமி அவன் வாயையே பொத்தப் போனாள். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பொய் சொல்லக் கூடாதுன்னு மிஸ் சொன்னாங்க" என்றான்.

நாடகம் அந்த இடத்தில் கவிழ்ந்திருக்க வேண்டும். பூதமாக நடித்தவர் மெல்ல நடந்து அவன் பக்கத்தில் போய்க் குந்தினார். "நீ நெஜமாத்தான் சொல்றியா?" அவன் தலையாட்டினான். "நெஜத்தைச் சொன்னா நான் அதைத் தின்னுடுவேனே. பரவாயில்லையா?" ஹாலில் ஒரு சத்தம் இல்லை. ஹார்மோனியக்காரர் ஒரே சுரத்தைப் பிடித்தபடி காத்திருந்தார். பையன் கூடையைப் பார்த்தான், பூதத்தைப் பார்த்தான். "அப்ப நீ வேற ஏதாவது சாப்பிடு" என்றான்.

அன்றைக்கு நாடகம் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மேலே போயிற்று. பூதத்துக்கு என்ன கொடுக்கலாம் என்று எல்லோரையும் கேட்டார்கள். இட்லி, பிரியாணி, சிப்ஸ் என்று பட்டியல் வந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் "பூஸ்ட்" என்றது. பட்டியல் அப்படியே பாட்டாயிற்று. வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் எடுத்துக்கொண்ட சிக்கல் அது. உண்மை சொன்னால் ஓர் உயிர் போகும், பொய் சொன்னால் வாய்மை போகும். ஆறு வயதுப் பையன் ஒருவன் அதில் தானாகவே போய் மாட்டிக்கொண்டு, தானாகவே ஒரு வழியும் கண்டான். அதைத்தான் "பசங்க கத்திட்டாங்க" என்று கணக்கெழுதுகிறோம்.

பிறகு அந்தக் குழுவினரிடம் கேட்டேன். அப்படி ஒரு பிள்ளை எழுந்து நிற்பான் என்று ஒத்திகையிலேயே பேசிவைத்திருப்பார்களாம். எல்லோரும் காட்டிக்கொடுத்தால் என்ன செய்வது, யாருமே வாய் திறக்காவிட்டால் என்ன செய்வது, ஒருத்தி பயந்து அழுதால் பூதம் எத்தனை அடி பின்னால் போவது, எல்லாவற்றுக்கும் ஏற்பாடு உண்டு. பெரியவர்களுக்கு நடிப்பவர் தன் வசனத்தை மனப்பாடம் செய்தால் போதும். இவர்கள் எதிராளியின் வசனத்துக்கும் தயாராக வேண்டியிருக்கிறது, அதுவும் இன்னும் சொல்லப்படாத வசனத்துக்கு. இதைச் சுலபமான வேலை என்பவர்கள் ஒரே ஒரு நாள் அந்தக் கூடைக்குப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

ஒழுங்கு கெடுகிறது என்ற வாதத்துக்கு வருவோம். பூதம் குந்தியபோது ஹால் அடங்கியதே, அதை யார் அடக்கினார்கள்? பிரம்போடு நின்ற ஆசிரியையா? (நின்றார்கள், இரண்டு பேர். இருவருமே அப்போது பையனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.) தெரிந்து செய்கிற குழு எதுவும் பிள்ளைகளைச் சும்மா உசுப்பிவிடாது. தொடக்கப் பாட்டிலேயே சைகைகளைப் பழக்கிவிடும். கையைத் திறந்தால் பாடு, மூடினால் நிறுத்து. டோலக் நின்றால் வாயும் நிற்கும். இரண்டு தடவை விளையாட்டாகச் செய்துபார்த்துவிட்டால் அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு அதுதான் சட்டம். சட்டத்தை மீறுகிறவனைப் பக்கத்துப் பிள்ளையே முழங்கையால் இடிப்பான்.

ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933-ல் குழந்தை விளையாட்டைப் பற்றி ஆற்றிய உரையில் இதைத்தான் விளக்கினார். விதியில்லாத கற்பனை விளையாட்டு என்று ஒன்று கிடையாது என்பது அவர் வாதம். அம்மாவாக விளையாடுகிற சிறுமி தன் இஷ்டத்துக்கு எதையும் செய்வதில்லை, அம்மா என்றால் எப்படி இருக்க வேண்டுமோ அதற்குக் கட்டுப்படுகிறாள். கைக்கெட்டிய ஆசையை அடக்கிக்கொள்ளக் குழந்தை கற்பது முதலில் விளையாட்டில்தான். முயலின் இடத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு வாயை இறுக்கி மூடியிருக்கிற ஐந்து வயதுப் பிள்ளையைப் பாருங்கள். பி.டி. மாஸ்டர் விசில் ஊதி வாங்குகிற ஒழுங்கைவிட அது கடினமான ஒழுங்கு. சொல்லிவிட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடிக்கும், ஆனாலும் சொல்லாது.

இதே பள்ளிகளின் ஆண்டு விழாவையும் சொல்லாமல் விட முடியாது. சினிமாப் பாட்டுக்குப் பிள்ளைகளை வாரக்கணக்கில் ஆடவைத்து, ஊரே அதிர ஸ்பீக்கர் வைப்பார்கள். அதில் யாருக்கும் ஒழுங்கு கெட்டதாகத் தெரிவதில்லை. சத்தம் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை போலும். பிள்ளையின் வாயிலிருந்து, பிள்ளையின் சொந்தச் சொல்லாக வருகிற சத்தம்தான் பிரச்சினை.

அடுத்தது அந்த ரசனை வாதம். அமைதியாக இருந்து பார்ப்பதே கலையை அனுபவிக்கும் முறை என்பது ஏதோ ஆதிகாலத்து விதி போலப் பேசப்படுகிறது. ஐரோப்பாவிலேயே அது இளம்பயிர். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதிவரை அங்கே அரங்குகளில் நாடகம் நடக்கும்போதும் பார்வையாளர் பக்கம் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பேசுவார்கள், சாப்பிடுவார்கள், பிடிக்காவிட்டால் கூச்சல் போடுவார்கள். 1876-ல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் பைராய்த்தில் தன் இசைநாடக அரங்கைத் திறந்தபோது பார்வையாளர் பக்கத்தை இருட்டாக்கி, வாத்தியக்காரர்களையும் கண்ணில் படாமல் பள்ளத்தில் உட்கார வைத்தார். இருட்டில் வாய்மூடி இருக்கிற அரங்கு மெல்ல மெல்லப் பண்பாடாக ஆனது அதற்கப்புறம்தான். நூற்றைம்பது வருஷத்துப் பழக்கம். அது மோசமான பழக்கம் என்று நான் சொல்லவில்லை. சில நாடகங்களுக்கு அந்த இருட்டு தேவை. ஆனால் யு.கே.ஜி. பிள்ளைக்கு வாக்னரின் சட்டத்தைப் போடுவது அநியாயம்.

நம் பக்கம் வந்தால் வேடிக்கையாக இருக்கும். பாட்டி கதை சொல்லும்போது ‘உம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுபோகும், "தூங்கிட்டியா?" என்ற கேள்வி வரும். கேட்பவர் பங்கெடுக்காவிட்டால் கதையே கிடையாது என்ற ஒப்பந்தத்தில்தான் நாம் எல்லோரும் முதல் கதையைக் கேட்டோம். வில்லுப்பாட்டில் அந்த ‘உம்’ பக்கப்பாட்டுக்காரரின் ‘ஆமா’வாக மேடைக்கே ஏறிவிட்டது. கூத்தில் கட்டியங்காரன் கூட்டத்தில் இருக்கிறவரைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்வான், அவரும் உட்கார்ந்த இடத்திலிருந்து திருப்பிக் கொடுப்பார். தோல்பாவைக் கூத்தில் கோமாளிகள் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்துவிட்டால் திரைக்கு இந்தப் பக்கம் யாரும் சும்மா இருப்பதில்லை. நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பா பாடிய காலத்தில் ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்தியே நாடகத்தை நிறுத்திப் பாட்டைத் திரும்ப வாங்கினார்கள் நம் தாத்தாக்கள். அவர்களுக்கு ரசனை இல்லை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பாட்டி கதையை விட்டால் இவற்றில் எதுவும் குழந்தைகளுக்காக ஏற்பட்டது இல்லை. பிள்ளைகள் பெரியவர்களோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள், அவ்வளவுதான். நம் நாடக வரலாற்றில் பிள்ளைகளுக்குக் கிடைத்த இடம் வேறு மாதிரியானது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில், பின்னாளில் பெரிய நடிகரான டி.கே. சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. இப்படிப்பட்ட ‘பாய்ஸ் கம்பெனி’களில் பிள்ளைகள் பெரியவர்களுக்காக ராத்திரி முழுக்க ஆடினார்கள், பாடினார்கள். பெரியவர்கள் பிள்ளைகளுக்காக ஆடுவது இங்கே வெகு தாமதமாக வந்த வழக்கம். அதனாலேயே அது இன்னும் பலருக்குக் கௌரவக் குறைவாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன். ஹாம்லெட்டாக நடித்தவர் மறுநாள் முயல் காது மாட்டிக்கொண்டால் நண்பர்கள் அவருக்காகப் பரிதாபப்படுகிறார்கள்.

மேற்கத்தியச் சரக்கு என்கிறார்களே, அந்த மூட்டையையும் அவிழ்த்துப் பார்க்கலாம். லண்டனில் 1819-லேயே கோமாளி கிரிமால்டி தன் பாட்டு ஒன்றில் ஒவ்வொரு சரணத்தின் கடைசிச் சொல்லையும் தான் பாடாமல் நிறுத்திக்கொள்வார். கூட்டம் அதை முழங்கும். உடனே முகத்தைச் சுளித்து, இப்படியெல்லாம் பேசலாமா என்பதுபோலப் பார்ப்பார். அங்கே கிறிஸ்துமஸ் காலத்தில் இன்றும் நடக்கிற பான்டோமைம் நாடகங்களில் வில்லன் பின்னால் வந்து நிற்பதைப் பிள்ளைகள் கத்திச் சொல்கிற வழக்கமும் இதே கால்வழிதான்.

ஆனால் இந்தக் கலையின் ஆழம் தெரிய வேண்டுமென்றால் ‘பீட்டர் பேன்’ நாடகத்துக்குத்தான் போக வேண்டும். ஜே.எம். பாரி எழுதிய அது 1904 டிசம்பர் 27 அன்று லண்டன் டியூக் ஆஃப் யார்க் அரங்கில் முதலில் நடந்தது. பீட்டருக்கு வைத்த விஷத்தை டிங்கர் பெல் என்ற தேவதை குடித்துவிடுகிறாள். மேடையில் அவளுக்கு உருவம் கிடையாது, அலைகிற ஓர் ஒளிப்பொட்டும் மணியோசையும்தான். ஒளி மங்கிக்கொண்டே வருகிறது. பீட்டர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தேவதைகள் உண்டென்று நம்புகிறவர்கள் கைதட்டினால் இவள் பிழைப்பாள் என்கிறான்.

பாரிக்கு அன்றைக்குப் பயம். முதல் நாள் வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள், லண்டன் சீமான்களும் சீமாட்டிகளும். ஒருவரும் தட்டாவிட்டால்? தேவதை செத்துப்போவாள், நாடகமும் கூடவே போகும். அதனால் வாத்தியக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார்: கூட்டம் தட்டாவிட்டால் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு நீங்கள் தட்டுங்கள். கடைசியில் அரங்கே தட்டிய தட்டில், பீட்டராக நடித்த நினா பூசிகோ அழுதுவிட்டார்.

கேள்வி கேட்டுவிட்டால் பதில் எதுவாகவும் வரலாம் என்று தெரிந்த ஒருவர் எழுதிய காட்சி அது. 1928-ல் நாடகம் அச்சில் வந்தபோது, பலர் தட்டுவார்கள், சிலர் தட்ட மாட்டார்கள், ஓரிருவர் சீறிக் கேலியும் செய்வார்கள் என்பதையும் பாரி பிரதியிலேயே சேர்த்துவிட்டார். அதே நூலின் முன்னுரையில் இன்னொரு தகவல் இருக்கிறது. முதலில் நடந்த நாடகத்தில் நல்ல நினைவுகளை நினைத்தால் பறக்கலாம் என்று மட்டும்தான் இருந்ததாம். வீட்டுக்குப் போன பிள்ளைகள் கட்டிலிலிருந்து பறந்து பார்த்து, சிலருக்கு வைத்தியம் வரைக்கும் போய்விட்டது. பெற்றோர் கேட்டுக்கொண்டதன் பேரில், தேவதைத் தூள் மேலே பட்டால்தான் பறக்க முடியும் என்ற நிபந்தனையைப் பிறகு சேர்த்தார். மேடையில் சொன்ன ஒரு வார்த்தையை நம்பிக் கட்டிலிலிருந்து குதிக்கிற பார்வையாளர் வேறு எந்த நாடகத்துக்குக் கிடைப்பார்? அப்படிப்பட்டவரிடம் பேசுகிறவருக்குப் பொறுப்பு கூடுதல். அந்தப் பொறுப்பைச் சுலபம் என்று சொல்வதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது.

சங்கீதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தவறு செய்வது பெரும்பாலும் நாடகக்காரர்களே. இப்போது பலர் பதிவு செய்த ட்ராக்கைப் போட்டு நாடகம் நடத்துகிறார்கள். வண்டி வாடகை மிச்சம், ஹார்மோனியக்காரருக்குச் சம்பளம் மிச்சம். ஆனால் ட்ராக் காத்திருக்காது. பிள்ளை பதில் சொல்ல மூன்று நொடி எடுத்தாலும் முப்பது நொடி எடுத்தாலும் அது தன் பாட்டுக்கு ஓடும். அன்றைக்கு அந்தப் பையன் கூடையையும் பூதத்தையும் மாறிமாறிப் பார்த்த நேரத்துக்கு எந்த ட்ராக்கில் இடம் இருக்கிறது? ஹார்மோனியக்காரர் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அந்தக் காட்சியில் ஒரு நடிகர்.

பாட்டு எழுதுவதிலும் நிறைய சங்கதி இருக்கிறது. ஐந்து வயதுக் குரலுக்கு ஐந்தாறு சுரத்துக்குள் மெட்டு அடங்க வேண்டும். நடிகரின் சௌகரியத்துக்குச் சுதி வைத்தால் பிள்ளைகள் அடியில் முனகுவார்கள், அல்லது எட்டாமல் கத்துவார்கள். பாதிக் கூச்சலுக்குக் காரணம் பிள்ளைகளின் குணம் இல்லை, தப்பான சுதி. பல்லவி முதல் தடவையே காதில் ஒட்ட வேண்டும். அதே நேரத்தில் மூன்றாவது தடவை பாடும்போது அதில் ஏதோ ஒன்று மாற வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்கே அலுத்துவிடும். மாஸ்கோவில் நத்தாலியா சாத்ஸ் நடத்திய குழந்தைகள் அரங்குக்காகத்தான் 1936-ல் புரோகோபீவ் ‘பீட்டரும் ஓநாயும்’ என்ற இசைக்கதையை அமைத்தார். வாத்துக்கு ஒரு வாத்தியம், பூனைக்கு ஒரு வாத்தியம், தாத்தாவுக்கு ஒன்று. அந்தக் காலத்தின் முதல்தர இசையமைப்பாளர்களில் ஒருவர் குழந்தைகளுக்கென்று உட்கார்ந்து எழுதினார். இங்கே நாம் ஹிட்டான சினிமா மெட்டில் வார்த்தையை மாற்றிப்போட்டு, ‘பசங்களுக்கு இது போதும்’ என்கிறோம்.

போலிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு "கேக்கலையே! இன்னும் சத்தமா!" என்று திரும்பத் திரும்பக் கேட்பவர் பிறந்தநாள் விழா நடத்துகிறவர். அவர் நாடகம் போடவில்லை. முதல் தடவையே அவருக்கு நன்றாகக் கேட்டது. கேட்கவில்லை என்று பொய் சொல்கிறார், அது பொய் என்று பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்கள் என்ன சொன்னாலும் அடுத்து நடப்பது மாறப்போவதில்லை. டோரா தொடரை நம் பிள்ளைகள் தமிழில் பார்த்து வளர்ந்தார்கள். அவள் கேள்வி கேட்பாள், கண்ணைச் சிமிட்டுவாள், சில நொடி காத்திருப்பாள். பிள்ளை பதில் சொன்னாலும் பாராட்டுவாள், தூங்கிப்போயிருந்தாலும் பாராட்டுவாள். டிவி பெட்டியால் அவ்வளவுதான் முடியும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உயிரோடு எதிரில் நிற்கிற மனிதர் டோராவைப்போல நடந்துகொண்டால்தான் குற்றம். எதிர்ப்பாளர்கள் பார்த்து வெறுத்தது இந்தப் போலிகளைத்தான் என்றால் அவர்களோடு சேர்ந்து நானும் வெறுக்கத் தயார். ஆனால் போலியைக் காட்டி அசலை ஒதுக்க வேண்டாம்.

எதிர்ப்புகளில் நியாயமானது ஒன்று உண்டு. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை என்ன செய்யும்? எல்லோரும் கத்தும்போது காதைப் பொத்திக்கொண்டு மிஸ் மடியில் முகம் புதைக்கிற பிள்ளையை இந்த நாடகம் வதைக்கவில்லையா? மோசமான நாடகம் வதைக்கத்தான் செய்யும். மூலையில் இருக்கிற குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் நிறுத்தி, ‘சொல்லு, சொல்லு’ என்கிற நடிகரை நானும் பார்த்திருக்கிறேன். அது பங்கேற்பே இல்லை, பலவந்தம். பாரியின் காட்சியில் தட்டாமல் இருப்பதற்கும் இடம் இருந்தது. நல்ல குழுவில் மேடைக்கு யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், வர விரும்புகிறவர்கள் வருவார்கள். வாய் திறக்காத பிள்ளைக்கும் செய்ய ஏதாவது இருக்கும்: காற்றாக ஊதலாம், மழையாக விரலால் தரையில் தட்டலாம், வெறுமனே ரகசியத்தைக் காக்கலாம். முயல் கூடைக்குள் இருப்பதைச் சொல்லாமல் இருந்த அத்தனை பேரும் அன்றைக்குப் பங்கெடுத்தவர்கள்தான். பிறகு, இந்தக் கரிசனத்தோடு கேட்கிறவர்களை ஒன்று கேட்க வேண்டும். அதே கூச்சப் பிள்ளையை ஆண்டு விழாவில் பளபளப்புச் சட்டை போட்டு, லிப்ஸ்டிக் பூசி, ஆயிரம் பேர் முன்னால் நிறுத்தும்போது இந்தக் கரிசனம் எங்கே போயிருந்தது?

நீதி எங்கே என்று கேட்பவர்களுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாடகம் முடிந்த கையோடு மைக்கை வாங்கி, "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டு, "பொய் சொல்லக் கூடாது டீச்சர்" என்று கோரஸாகப் பதில் வாங்குகிறார்கள். அந்த ஒரு பதில்தான் அன்றைக்குப் பிள்ளைகள் யோசிக்காமல் சொன்னது.

இந்த வேலையைப் பல வருஷம் செய்தவர்கள் தமிழில் உண்டு. புதுச்சேரியின் வேலு சரவணன் தன் ‘ஆழி’ குழுவோடு ‘கடல் பூதம்’ நாடகத்தைப் பள்ளி பள்ளியாகக் கொண்டுபோனவர். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’, மட்டக்களப்பிலிருந்து வந்த மௌனகுருவின் ‘தப்பி வந்த தாடி ஆடு’ ஆகியவை ஈழத்தில் சிறுவர் அரங்கு என்ற தனி மரபுக்கே வலுச் சேர்த்தவை. அங்கே நாடகம் பாடமாகவே படிக்கப்படுவதால் சிறுவர் அரங்கைப் பற்றி எழுத்தும் விவாதமும் உண்டு. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளுக்கு 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது, நல்ல காரியம். ஆனால் அதிலும் பிள்ளைகள் நடிக்கிறார்கள், பெரியவர்கள் பார்த்து மார்க் போடுகிறார்கள். பிள்ளைகள் சும்மா உட்கார்ந்து தங்களுக்கென்று ஒரு நாடகம் பார்க்க வருஷத்தில் ஒரு நாள்கூடப் பெரும்பாலான பள்ளிகளில் கிடையாது. ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்டது. அதன் 31-ஆவது பிரிவு விளையாட்டையும் கலை வாழ்வில் தாராளமாகப் பங்கெடுப்பதையும் குழந்தையின் உரிமை என்கிறது. அமைதியாகப் பங்கெடுக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

ஆகவே தலைமையாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த தடவை ஒரு குழுவைக் கூப்பிடும்போது முழுப் பள்ளியையும் மைதானத்தில் கொண்டுவந்து கொட்டாதீர்கள். இங்கிலாந்தில் 1953-ல் தியேட்டர் சென்டர் குழுவைத் தொடங்கி இந்த வகை நாடகத்தையே வளர்த்தெடுத்த பிரையன் வே கடைசிவரை வற்புறுத்தியது இதைத்தான்: சின்னக் கூட்டம், ஒரே வயதுப் பிள்ளைகள், நடிகருக்குப் பக்கத்தில் தரையில். இரண்டு வகுப்புகளை மட்டும் அனுப்புங்கள், வேண்டுமானால் இரண்டு காட்சியாக நடத்தச் சொல்லுங்கள், அதற்குரிய பணத்தையும் கொடுங்கள். முன்வரிசையில் போட்டிருக்கும் விருந்தினர் நாற்காலிகளை எடுத்துவிட்டு ஜமுக்காளத்தை விரியுங்கள். ஆசிரியர்களின் பிரம்பை ஸ்டாஃப் ரூமிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பூதம் கேள்வி கேட்கும்போது யாரும் ‘உஷ்’ சொல்ல வேண்டாம்.